சொந்தமாக மேஜர் (பட்டத்தின் முதன்மைப் பாடம்) வடிவமைப்பது: எப்போது சரி, எங்கே மாட்டிக்கொள்வோம்

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், எஃப்-1 என்ற மாணவர் விசாவில், இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். இசை, மொழியியல், கணினி மூன்றிலும் ஈடுபாடு உண்டு. இருக்கிற மேஜர் எதிலும் மூன்றும் ஒன்றாக வரவில்லை. மாணவரே மேஜரை வடிவமைத்துக்கொள்ள வழி இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். வீட்டிலோ "பேரே இல்லாத படிப்பைப் படித்து என்ன செய்யப் போகிறாய்" என்கிறார்கள். செய்யலாமா, பின்னால் வேலைக்குச் சிக்கல் வருமா என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. திரும்பப் படித்தபோது அதற்கடியில் இன்னொரு கேள்வி இருப்பதாகப் பட்டது: மூன்றில் ஒன்றையும் விட மனம் வரவில்லை, விடாமல் தப்பிக்க இது வழியா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வழியில்லை. துறை மேஜரில் விட வேண்டியதைவிட இதில் அதிகம் விட வேண்டியிருக்கும். ஆனால் மூன்றும் சேர்ந்தால்தான் தேட முடியும் என்கிற ஒரு கேள்வி உங்கள் கையில் இருந்தால், தாராளமாகச் செய்யலாம்.

நான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர் ஆலோசகர். இத்தகைய விண்ணப்பங்களைப் படித்து முடிவு சொல்லும் குழுவிலும் பல ஆண்டுகளாக இருக்கிறேன். விதிகள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வேறுபடும். சிலவற்றில் இந்த ஏற்பாடே கிடையாது. விசா பற்றிக் கீழே சொல்வது மாணவர்களோடு பழகித் தெரிந்துகொண்டது. நான் வழக்கறிஞன் அல்லன். அந்தப் பகுதியை உங்கள் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டாரின் பயத்துக்காக முதலில் கொஞ்சம் வரலாறு. இது நேற்று முளைத்த ஏற்பாடு அல்ல. பிரவுன் பல்கலைக்கழகம் 1969இல், மாணவர்களே பாடங்களைத் தேர்ந்துகொள்ளும்படி தன் பாடத்திட்டத்தையே திறந்துவிட்டது. அதற்கு அடித்தளம் போட்ட அறிக்கையை எழுதியவர்களே மாணவர்கள்தான். 1970இல் ஹாம்ப்ஷயர் கல்லூரி, 1971இல் எவர்கிரீன் கல்லூரி, 1972இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இப்போது கலாட்டின் என்று அழைக்கப்படும் பள்ளி என்று, மாணவரே படிப்பை வகுத்துக்கொள்ளும் இடங்கள் வரிசையாக வந்தன. இந்தியானா பல்கலைக்கழகத்தில் வில் ஷார்ட்ஸ் என்பவர் 1974இல் புதிர்களைப் பற்றிய படிப்பைத் தானே வகுத்துப் பட்டம் வாங்கினார். 1993 முதல் நியூயார்க் டைம்ஸ் குறுக்கெழுத்துப் பகுதியின் ஆசிரியர் அவர்தான். இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் அவர் பெயர் வந்துவிடும்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய கதை. சார்லஸ் எலியட் 1869இலிருந்து 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்தார். கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக நீக்கி, மாணவர்களே பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். சுதந்திரம் கிடைத்த மாணவர்களில் பலர் அறிமுகப் பாடங்களாகப் பொறுக்கி எடுத்து ஒப்பேற்றினார்கள் என்ற குறை கிளம்பியது. அவருக்குப் பின் வந்த லோவல், ஒரு துறையில் குவிந்து படிக்க வேண்டும், மற்றவற்றில் பரவலாகவும் படிக்க வேண்டும் என்று விதித்தார். இன்றைய மேஜர் என்ற அமைப்பு வேரூன்றியதில் இந்த அனுபவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நுனிப்புல் மேய்வதைத் தடுக்கப் போட்ட வேலி அது. அந்த வேலியைத் தாண்ட அனுமதி கேட்கிறீர்கள் என்பதால், நுனிப்புல் மேயமாட்டேன் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் விண்ணப்பத்தில் தேடுவதும் பெரும்பாலும் அதைத்தான்.

எப்படித் தேடுகிறோம் என்று காட்டுகிறேன். உங்களைப் போன்ற ஆர்வமுள்ளவர்கள் முதல் வரைவில் எழுதும் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும்: இசைக் கோட்பாடு ஒன்று, உலக இசை அறிமுகம், மொழியியல் அறிமுகம், மொழியும் சமூகமும், நிரலாக்க அறிமுகம், உளவியல் அறிமுகம், டிஜிட்டல் ஊடகம், ஒலிப்பதிவு, பாடல் வரலாறு, மொழியும் மனமும். தலைப்பு 'ஒலி, மொழி, தொழில்நுட்பம்'. பார்க்க அழகாக இருக்கும். நான் முதலில் பார்ப்பது பாடங்களின் பெயரை அல்ல, எண்ணை. அநேகமாக எல்லாம் 100, 200 வரிசை, அதாவது தொடக்க நிலைப் பாடங்கள். எந்தப் பாடத்துக்கும் முன்தகுதி கிடையாது. பத்தையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எடுக்கலாம். முதலில் எடுத்த பாடம் இல்லாவிட்டால் கடைசிப் பாடம் புரியாது என்ற நிலை எங்குமே இல்லை. துறை மேஜரின் பெரிய பலமே அந்தச் சங்கிலிதான்; அது இல்லாத பட்டியலைக் குழு திருப்பி அனுப்பிவிடும். அனுப்பாவிட்டாலும், நான்காம் ஆண்டு முடிவில் பல துறைகளின் வாசலைப் பார்த்திருப்பீர்கள், ஒன்றின் உள்ளேயும் போயிருக்கமாட்டீர்கள்.

அதே ஆர்வத்தை ஒரு கேள்வியாக மாற்றிப் பாருங்கள். சீன மொழிகளில் ஒன்றான கான்டனீஸில் ஓர் அசையை எந்தத் தொனியில் சொல்கிறோமோ அதைப் பொறுத்துப் பொருள் மாறும். பாட்டுக்கோ தனி மெட்டு இருக்கிறது. சொல்லின் தொனி மேலே போக வேண்டிய இடத்தில் மெட்டு கீழே இறங்கினால் என்ன ஆகும்? கான்டனீஸ் பாடல்களில் பாடலாசிரியர்கள் மெட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஒத்துப்போகும் தொனியுள்ள சொற்களாகத் தேடிப் போடுகிறார்கள். இன்னொரு சீன மொழியான மாண்டரினும் தொனி மொழிதான். ஆனால் இன்றைய மாண்டரின் திரைப்பாட்டிலும் பாப் பாட்டிலும் அந்தக் கவனம் அவ்வளவு இல்லை. ஏன் இந்த வேறுபாடு, மாண்டரின் பாட்டைக் கேட்பவர் எதை வைத்துப் பொருளைப் பிடிக்கிறார்? இது என் கேள்வி, உங்களுடையது வேறாக இருக்கும். இப்படி ஒன்று வந்தவுடன் பட்டியல் தானாக மாறுவதைக் கவனியுங்கள். ஒலியியல் வேண்டும், அதற்கு மேல் ஒலியனியல் (ஒரு மொழியில் ஒலிகள் பொருளை வேறுபடுத்தும் முறை பற்றிய படிப்பு) வேண்டும், அதற்கும் மேல் ஆய்வகத்தோடு கூடிய பேச்சொலி ஆய்வு வேண்டும். பிராட் போன்ற மென்பொருளில் குரலின் அடிப்படை அதிர்வெண்ணை அளந்து வரைபடமாக எடுக்கத் தெரிய வேண்டும். நூறு பாடல்களை அளந்தால் எண்கள் குவியும். எனவே புள்ளியியல், அதுவும் ஒரு பாடத்தோடு நிற்காது. மெட்டைப் பகுக்க இசைக் கோட்பாட்டில் மூன்றாம் பாடம் வரை போக வேண்டும். மொழியையே ஓராண்டாவது படிக்க வேண்டும். உலக இசை அறிமுகம், டிஜிட்டல் ஊடகம், ஒலிப்பதிவு மூன்றும் விழுந்துவிட்டன. செயலி உருவாக்கம் கற்க ஆசை இருந்தால் அதுவும் போய்விட்டது. விட வேண்டியிருக்கும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

சரிபார்க்க நான் மாணவர்களிடம் சொல்வது: குறைந்தது இரண்டு துறைகளிலாவது 300, 400 வரிசை மேல்நிலைப் பாடம் வரை ஏற வேண்டும், அதோடு வேலை செய்யும் முறை ஒன்றாவது கைக்கு வர வேண்டும். புள்ளியியலோ, ஆய்வகமோ, நிரலோ, ஆவணக் காப்பக வேலையோ, அயல்மொழியோ, எதுவாகவும் இருக்கட்டும். விண்ணப்பத்தில் 'பல்துறை அணுகுமுறை' என்று பத்து இடத்தில் எழுதியிருந்தாலும் குழு மயங்காது. ஒரு துறை மேஜரோடு ஒரு மைனர் (துணைப் பாடம்) சேர்த்தால் இதே கேள்வியைத் தேட முடியாதா என்று கட்டாயம் கேட்பார்கள். முடியும் என்றால் அதைச் செய்வதே நல்லது என்பது என் கருத்தும்கூட. மேலே சொன்ன கான்டனீஸ் கேள்வியையே எடுத்துக்கொண்டால், மொழியியல் மேஜர், இசை மைனர், விருப்பப் பாடங்களாகப் புள்ளியியல் என்று ஒருவர் வாதாடலாம். அந்த வாதத்துக்குப் பதில் இருந்தால் விண்ணப்பியுங்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. இசையும் கணினியும் சேர்ந்த துறைக்கு வழி திறந்தவர்களில் இருவரைப் பாருங்கள், அவர்கள் பட்டம் பெற்றது ஒரே துறையில். 1957இல் பெல் ஆய்வகத்தில் கணினியை இசை ஒலிக்க வைத்த மேக்ஸ் மேத்யூஸ், மின்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1967இல் அதிர்வெண் பண்பேற்ற முறையில் ஒலி உருவாக்கலாம் என்று கண்டறிந்த ஜான் சௌனிங், ஸ்டான்ஃபோர்டில் இசையமைப்பில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவருடைய முறையை யமஹா உரிமம் பெற்று, 1983இல் டிஎக்ஸ்7 என்ற கருவியாக விற்றது. இருவரும் ஒரு காலை ஒரு துறையில் ஆழ ஊன்றிக்கொண்டு அடுத்த துறைக்குள் எட்டிப் பார்த்தவர்கள். இதை வைத்துக் கலவை மேஜர் வீண் என்று நான் சொல்லவில்லை. அன்று அப்படிப்பட்ட படிப்பே இல்லை என்று நீங்கள் திருப்பிச் சொன்னால் அதுவும் நியாயம். எல்லை தாண்டுவதற்குக் கலவைப் பட்டம் கட்டாயம் இல்லை என்பது மட்டும் தெளிவு.

இன்னொன்று, உங்கள் கலவை ஏற்கெனவே எங்கோ தயாராக இருக்கலாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகத்தில் கணினி அறிவியலோடு மொழியியல், கணினி அறிவியலோடு இசை என்று தனித்தனி இணைப் பட்டங்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் 1986இல் தொடங்கிய சிம்பாலிக் சிஸ்டம்ஸ் என்ற படிப்பு மொழியியல், தத்துவம், உளவியல், கணினி நான்கையும் கோக்கிறது. நீங்கள் அங்கே மாற வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. அவற்றின் பாடப் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எது எதற்கு முன் வருகிறது, எங்கே கணிதம் நுழைகிறது என்பதைப் பார்த்துக்கொண்டு உங்கள் வரைவை எழுதினால், குழுவிடம் "இன்ன இடத்தில் இப்படி நடத்துகிறார்கள்" என்று காட்டவும் வசதி.

இனி, விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகும் கையைக் கடிக்கும் விஷயங்கள். இவற்றை விளம்பரக் கையேடுகளில் பார்க்க முடியாது. கணினி அறிவியல், பொறியியல் துறைகளின் மேல்நிலைப் பாடங்கள் பல இடங்களில் அந்தத் துறை மாணவர்களுக்கு மட்டும் திறக்கும். பட்டியலில் 'சமிக்ஞைச் செயலாக்கம்' (ஒலி போன்ற சமிக்ஞைகளைக் கணிதத்தால் பகுக்கும் பாடம்) என்று எழுதியிருப்பீர்கள். பதிவு செய்யும் நாளன்று திரை உங்களை உள்ளே விடாது. முன்தகுதிப் பாடத்தை முடிக்கவில்லை என்பதற்காக அல்ல, நீங்கள் அந்தத் துறை மேஜர் இல்லை என்பதற்காக. விண்ணப்பிக்கும் முன்பே அந்தத் துறையின் பாட ஆலோசகரிடமிருந்து, இன்னின்ன பாடங்களில் இடம் தரப்படும் என்று மின்னஞ்சலில் வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். வாய்ப்பேச்சு போதாது, ஆட்கள் மாறுவார்கள். அடுத்து, சிறிய துறைகளில் உயர்நிலைப் பாடங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் வரும். ஒன்றைத் தவறவிட்டால் அதைப் பிடிக்க ஒரு பருவம் கூடுதலாக இருக்க வேண்டியிருக்கும், பன்னாட்டு மாணவருக்கு அது பெரிய பணம். ஒவ்வொரு முக்கியப் பாடத்துக்கும் ஒரு மாற்றுப் பாடத்தை விண்ணப்பத்திலேயே எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டால் பிற்பாடு மனுப் போட்டு அலைய வேண்டாம். பட்டத்துக்கு வேண்டிய பாடங்கள் முடிந்தனவா என்று சரிபார்க்கும் பட்டத் தணிக்கை மென்பொருளில் உங்கள் மேஜருக்கான விதிகள் தாமாக ஏறியிருக்காது. யாராவது கையால் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பருவமும் அது சரியாக இருக்கிறதா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும்.

வழிகாட்டிப் பேராசிரியர் விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த வகுப்பை எடுத்தவரிடம் போய் நிற்கிறார்கள். அவர் ஒப்பந்த ஆசிரியராக இருந்தால் அடுத்த ஆண்டு இருப்பாரா என்று அவருக்கே தெரியாது. நிரந்தரப் பணியில் இருப்பவராகப் பாருங்கள். அடுத்த இரண்டாண்டில் ஆய்வு விடுப்போ ஓய்வோ உண்டா என்று நேராகவே கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். இரண்டாவது துறையிலிருந்தும் ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பது நல்லது. துறை மேஜரில் உங்களோடு அதே கணக்கில் திணறும் நாற்பது பேர் இருப்பார்கள். ஒருவர் குறிப்பை ஒருவர் பார்ப்பார்கள். எது தெரியவில்லை என்பதே அப்படித்தான் தெரியவரும். சொந்த மேஜரில் அந்தக் கூட்டம் கிடையாது. நான் பார்த்தவரை, பாதியில் விட்டவர்கள் பாடம் கடினம் என்று விட்டதைவிடத் தனியாக இருக்கிறது என்று விட்டதே அதிகம். அதனால் ஏதாவது ஓர் ஆய்வகக் கூட்டத்திலோ, ஒரு துறையின் மாணவர் கருத்தரங்கிலோ வாராவாரம் போய் உட்காருங்கள்.

வேலைக்கு வருகிறேன். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. மருத்துவப் பள்ளிகளும் சட்டப் பள்ளிகளும் அமெரிக்காவில் குறிப்பிட்ட மேஜரைக் கேட்பதில்லை. மருத்துவத்துக்கு வேதியியல், உயிரியல் போன்ற முன்தகுதிப் பாடங்கள் இருந்தால் போதும். மாறாக, உரிமம் தேவைப்படும் பொறியியல், செவிலியம், கட்டடக்கலை போன்றவற்றில் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற படிப்பு தேவை. சொந்தமாக வடிவமைத்தது அந்த இடத்தை நிரப்பாது. முதுகலை, முனைவர் படிப்புக்கு உங்கள் பட்டத்தின் பெயரைவிட, எடுத்த பாடங்களும் ஆய்வுக் கட்டுரையும் பரிந்துரைக் கடிதங்களும் பேசும். கணினி நிறுவனங்கள் எப்படிப் பார்க்கும் என்பது நிச்சயமாகச் சொல்ல முடியாத பகுதி. நிரல் எழுதிக் காட்டுங்கள் என்று சோதிக்கும் இடத்தில் பட்டத்தின் பெயர் பெரிதாகத் தடுப்பதில்லை. விண்ணப்பப் படிவத்திலேயே மேஜரை வைத்து வடிகட்டும் இடத்தில் தடுக்கலாம். ஷார்ட்ஸைக் காட்டி எதையும் நிரூபிக்காதீர்கள். வெற்றி பெற்றவரைத்தான் நமக்குத் தெரியும். அவரும்கூடப் புதிர்ப் பட்டத்தோடு நிற்காமல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1977இல் சட்டப் பட்டம் முடித்துவிட்டுத்தான் புதிர்ப் பத்திரிகை வேலைக்குப் போனார்.

உங்களுக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் விசா. எஃப்-1 மாணவருக்குப் படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி. என்ற பணி அனுமதி 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த பட்டமென்றால் இன்னும் 24 மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். அந்தத் தகுதியை உங்கள் பாடங்கள் தீர்மானிப்பதில்லை. பன்னாட்டு மாணவருக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உங்கள் மேஜருக்கு எதிரே இருக்கும் சி.ஐ.பி. எண், அதாவது படிப்புகளை வகைப்படுத்தும் எண், தீர்மானிக்கிறது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பட்டியலில் அந்த எண் இருக்க வேண்டும். சொந்த மேஜர்கள் அனைத்தையும் சில பல்கலைக்கழகங்கள் ஒரே பொது எண்ணின் கீழ் போட்டுவிடுகின்றன. அது பொதுக் கலை அறிவியல் என்ற வகையாக இருந்தால் பட்டியலில் கிடையாது. நீங்கள் எடுத்ததில் முக்கால் பங்கு கணிதமும் கணினியுமாக இருந்தாலும் 24 மாதம் கிடைக்காது. இரண்டு ஆண்டுப் பணி அனுமதி ஓர் எண்ணில் தொங்குகிறது. பதிவாளர் அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: என் சொந்த மேஜருக்கு எந்த சி.ஐ.பி. எண் வரும், உள்ளடக்கத்தைப் பொறுத்து அது மாறுமா? பின்னால் எச்-1பி என்ற பணி விசாக் கட்டத்திலும் படித்த படிப்புக்கும் பார்க்கும் வேலைக்கும் நேரடித் தொடர்பு காட்ட வேண்டும். தெளிவில்லாத பெயருள்ள பட்டத்துக்கு அங்கே கூடுதல் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். எண் சாதகமாக இல்லையென்றால், கணினியிலோ மொழியியலிலோ முறையான மேஜர் ஒன்றை வைத்துக்கொண்டு சொந்த மேஜரை இரண்டாவது மேஜராகச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். சில இடங்களில் அனுமதி உண்டு. மொழியியலின் எண்ணும் பட்டியலில் இருக்கிறதா என்று சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

பெயரைப் பற்றி வீட்டார் கவலைப்படுவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் பட்டச் சான்றிதழில் மேஜரே அச்சாவதில்லை. மதிப்பெண் பட்டியலில் வரும். அங்கேயும் நீங்கள் வைத்த தலைப்பு வருமா, 'தனிப்பட்ட படிப்பு' என்று மட்டும் வருமா என்பது இடத்துக்கு இடம் வேறு. தலைப்பு வரும் என்றால் அதைக் குறுக்கி, அந்நியர் ஒருவர் படித்தவுடன் புரியும்படி வையுங்கள். 'பேச்சு மற்றும் இசை ஒலியியல்' என்றால் ஓர் அதிகாரிக்குப் புரியும். மூன்று அரைப்புள்ளியும் ஒரு தத்துவச் சொல்லும் சேர்ந்த தலைப்பு நேர்காணலில் பாதி நேரத்தைத் தின்றுவிடும்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான இடங்களில் இரண்டாம் ஆண்டு முடிவுக்குள், அல்லது மூன்றாம் ஆண்டின் முதல் பருவத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், குறைந்தபட்ச ஜி.பி.ஏ.யும் (சராசரி மதிப்பெண்) கேட்பார்கள். பட்டத்துக்கு வழக்கமான 120 கிரெடிட்டில் பொதுப் பாடங்கள் போக மேஜருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நுண்கணிதம் இன்னும் தொடங்கவில்லை என்றால் சமிக்ஞைச் செயலாக்கம் வரை ஏற நான்கைந்து பருவம் ஆகும், அந்த ஒரு கணக்கே உங்கள் திட்டத்தை முடிவு செய்துவிடக்கூடும்.

கடைசி ஆண்டுத் திட்டத்தை விண்ணப்பத்தில் எழுதும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். அனேக விண்ணப்பங்களில் அந்தப் பகுதி 'ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதுவேன்' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. கலாட்டினில் பட்டம் பெறுமுன் 20 முதல் 25 நூல்களைக் கொண்ட பட்டியலைத் தயாரித்துப் பேராசிரியர்கள் முன் உட்கார்ந்து பேச வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் கேட்காவிட்டாலும் அப்படி ஒரு பட்டியலை இப்போதே தொடங்குங்கள். என்ன தரவு எடுப்பீர்கள், எந்த ஆய்வகத்தில், மனிதர்களை வைத்துச் சோதனை என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு எந்த மாதம் விண்ணப்பிப்பீர்கள், யார் மேற்பார்வை என்று அரைப் பக்கம் எழுத முடிகிறதா பாருங்கள். எழுத வரவில்லை என்றால் இந்தப் பருவம் மொழியியலில் ஒலியியல் பாடத்தையும் கணிதத்தில் நுண்கணிதத்தையும் எடுத்துவிட்டு, அடுத்த விண்ணப்பக் கெடுவுக்கு வாருங்கள். எந்த மேஜருக்குப் போனாலும் அந்த இரண்டும் கணக்கில் சேரும்.